பழுது பார்க்கும் காலம் எது? விமானங்கள் கற்பித்த சிக்கனம்

ஆக்கியவனைப் போற்றும் உலகம் காத்தவனை எளிதில் மறந்துவிடுகிறது. குளத்தைக் கட்டுவித்த மன்னனின் பெயர் கல்வெட்டிலே நிற்கும். ஆண்டுதோறும் மாரிக்கு முன்னர் குளக்கட்டிலே மண் போட்டு, வாய்க்காலைத் துப்புரவு செய்து, மதகைச் செப்பனிட்ட குடியானவனின் பெயர் எவ்விடத்தும் பொறிக்கப்படுவதில்லை. தமிழகத்திலே குடிமராமத்து என்று பெயர் பெற்ற அவ்வூர்ப் பணி ஒழுங்காக நடந்த காலமெல்லாம் குளம் பயன் தந்தது; பணி கைவிடப்பட்டபோது குளம் தூர்ந்தது.

இயந்திரங்களின் வரலாற்றிலும் இதே மறதியைக் காண்கிறோம். 1903ஆம் ஆண்டிலே விமானத்தைப் பறக்கவிட்ட றைற் சகோதரர்களைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். பறக்கும் விமானத்தை எப்பொழுது நிறுத்தி, எதைக் கழற்றி, எதைத் தொடாமல் விடவேண்டும் என்று கண்டறிந்தவர்களின் பெயரைக் கேட்டால் படித்தவர்களும் விழிப்பர். இன்று நாம் சில நூறு பவுணுக்கோ டொலருக்கோ கடல் கடந்து பறக்க முடிகிறதென்றால், அதற்கு அவர்களின் கணக்கும் ஒரு காரணமாகும். அவ்வரலாற்றை இங்கு சுருக்கமாக நோக்குவோம்.

இருபுறமும் செலவு

பழுதாகும் முன்னரே பார்த்துச் செய்வதை முற்காப்புப் பராமரிப்பு என்பர். அது நல்லதென்பதில் எவருக்கும் ஐயமில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்வது என்பதே சிக்கலான கேள்வி. காலந் தாழ்த்தினால் இயந்திரம் வேலை நடுவில் நின்றுவிடும். உறுப்புக்கு மட்டுமன்றி, நின்ற வேலைக்கும் கெட்ட பொருளுக்கும் சிலவேளை போன உயிருக்கும் நாம் விலை கொடுக்கவேண்டும். அடிக்கடி செய்தால், இன்னும் உழைக்கக்கூடிய உறுப்பை வீசியெறிகிறோம். கூலியும் நேரமும் வீணாகின்றன. இவ்விரு செலவுகளின் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் இடமே தக்க காலம்.

இதனை ஒரு சிறு கற்பனைக் கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஓர் ஆலையில் ஒரேவகை வார்ப்பட்டிகள், அதாவது 'பெல்ற்றுகள்', பத்து உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் ஒன்று 6ஆம் மாத முடிவிலும், இரண்டு 8ஆம் மாத முடிவிலும், மூன்று 10ஆம் மாத முடிவிலும், எஞ்சிய நான்கு 12ஆம் மாத முடிவிலும் அறுந்துபோகும் இயல்பின. திட்டமிட்டு மாற்ற 100 ரூபா. வேலை நடுவில் அறுந்தால் இழப்போடு சேர்த்து 500 ரூபா. அறும்வரை விட்டுவைத்தால் ஒரு பட்டி சராசரி 10 மாதம் உழைக்கும். ஆகவே மாதச் செலவு 50 ரூபா. மாதந்தோறும் புதிதாக மாற்றினால் அறுதல் என்பதே இல்லை. ஆனால் மாதச் செலவு 100 ரூபாவாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் ஏறக்குறைய 33 ரூபா. ஐந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் 20 ரூபா. ஒன்பது மாதம்வரை நீட்டினால் மூன்று பட்டிகள் இடையில் அறுந்துவிடும். செலவு மீண்டும் 26 ரூபாவாக ஏறுகிறது.

இங்கே இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. மிகுந்த கவனம் என்று நாம் எண்ணிச் செய்யும் மாதாந்த மாற்றம், ஒன்றுமே செய்யாத சோம்பலைவிட இருமடங்கு செலவு வைக்கிறது. தக்க காலத்தைக் கண்டறிய வேண்டுமாயின் எத்தனை பட்டிகள் எந்த மாதத்தில் அறுந்தன என்ற குறிப்பு நம்மிடம் இருக்கவேண்டும். குறிப்பேடு இல்லாதவனுக்குக் கணக்கு இல்லை. இவ்வகைக் கணக்கிற்கு முறையான கணித வடிவம் தந்து, றிச்சர்ட் பார்லோ, லறி ஹன்ரர் என்னும் இருவர் 1960ஆம் ஆண்டிலே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். ஆனால் அதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, போரின் நெருக்குதலினால், இக்கேள்வி விமானத் தளங்களிலே எழுந்துவிட்டது.

கடலுக்கு மேலே ஒரு கணக்கு

இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியாவின் உணவும் எரிபொருளும் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து கப்பல்களிலே வந்தன. ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பல்கள் அவற்றை மூழ்கடித்தன. நீர்மூழ்கிகளைத் தேடிக் கடலுக்கு மேலே பல மணித்தியாலம் பறந்து திரிவது றோயல் விமானப்படையின் கரையோரக் கட்டளைப் பிரிவின் பணி. அதற்கு விமானங்கள் போதவில்லை. புதியவற்றைக் கேட்டால், ஜேர்மனிய நகரங்கள்மீது குண்டு போடும் பிரிவுக்கே முதலிடம் கிடைத்தது. எனவே இருக்கும் விமானங்களைக் கொண்டு கூடுதலாகப் பறப்பதெப்படி என்ற கேள்வி பிறந்தது.

1941ஆம் ஆண்டிலே பௌதிகவியலாளர் பற்றிக் பிளக்கற் இப்பிரிவிலே ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார். 1948ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவரே. பௌதிகவியலாளரோடு உயிரியல் அறிஞர்களும் குழுவிலே இடம்பெற்றனர். பழ ஈக்களின் பிறப்புரிமையியலை ஆராய்ந்த செசில் கோர்டன் அவர்களில் ஒருவர். முளையவியல் அறிஞராகிய கொன்றாட் வடிங்டன் மற்றொருவர். விமானத்தின் திருகாணியைக்கூடத் தொட்டறியாத இவர்களுக்குப் பராமரிப்பைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கத் தோன்றும். ஒரு கூட்டமாக வாழும் உயிர்கள் எப்பொழுது பிறக்கின்றன, எப்பொழுது நோயுறுகின்றன, எப்பொழுது மடிகின்றன என்று எண்ணிக் கணக்கிடும் பயிற்சி அவர்களுக்கு இருந்தது. கோர்டன் விமானக் கூட்டத்தையும் அதே கண்கொண்டு நோக்கினார்.

அக்காலத்திலே ஒரு தளத்தின் திறமையை அளக்க ஓர் அளவுகோல் இருந்தது. நூற்றுக்கு எழுபது, எழுபத்தைந்து விமானங்கள் எந்நேரமும் பறக்க ஆயத்தமாக நிற்கவேண்டும் என்பதே அது. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. கோர்டன் இதன் உட்பொருளை ஆராய்ந்தார். விமானம் ஒன்று பறந்துகொண்டிருக்கும், அல்லது பழுதுபார்க்கும் கொட்டகையில் இருக்கும், அல்லது ஆயத்தமாகச் சும்மா நிற்கும். பறப்பு கூடினால் பழுதும் கூடும். கொட்டகைக்குச் செல்லும் விமானங்களின் தொகையும் கூடும். ஆகவே முக்காற்பங்கு விமானங்கள் எந்நேரமும் ஆயத்தமாக நிற்கின்றன என்றால், அவை போதியளவு பறக்கவில்லை என்பதே பொருள். பறக்காத விமானம் பழுதாவதில்லை, நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பதுமில்லை.

உண்மையில் எதற்குத் தட்டுப்பாடு என்று தேடியபோது, அது பழுதுபார்ப்போரின் உழைப்பு நேரம் என்று தெரியவந்தது. எனவே அளவுகோலை மாற்றினார்கள். பழுதுபார்ப்போர் செலவிடும் ஒவ்வொரு மணித்தியால உழைப்புக்கும் எத்தனை மணித்தியாலம் பறக்க முடிகிறது என்று அளந்தார்கள். பறப்பையும் பராமரிப்பையும் ஒரே திட்டத்துள் அடக்கி, கொட்டகையில் ஆட்கள் சும்மா இருக்காமலும் விமானங்கள் வரிசையில் காத்துக் கிடக்காமலும் நாட்களை ஒழுங்குசெய்தார்கள். 1942ஆம் ஆண்டிலே விற்லி வகை விமானங்களைக் கொண்ட 502ஆம் அணியில் இத்திட்டம் சோதிக்கப்பட்டது. அதே விமானங்களும் அதே ஆட்களும் பறந்த நேரம் ஏறத்தாழ இருமடங்காயிற்று. பின்னர் இம்முறை பிரிவின் ஏனைய அணிகளுக்கும் பரவியது.

பார்த்ததனால் வந்த பழுது

இவ்வாய்விலே எவரும் எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. ஒவ்வொரு விமானமும் 50 மணித்தியாலம் பறந்ததும் முறைப்படி சோதிக்கப்பட்டது. இச்சோதனை பயனுள்ளதாயின், சோதனைக்குப் பின்னர் பழுதுகள் குறைந்து, அடுத்த சோதனை நெருங்க நெருங்கக் கூடவேண்டும். லிபரேற்றர் விமானங்களின் குறிப்புகளை எடுத்து வரைபடம் கீறியபோது முற்றிலும் மாறான தோற்றம் தெரிந்தது. சோதனை முடிந்த உடனேயே பழுதுகள் உச்சத்தில் இருந்தன. பறக்கப் பறக்க அவை படிப்படியாகக் குறைந்தன. அடுத்த சோதனை முடிந்ததும் மீண்டும் உயர்ந்தன.

காரணம் எளியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த உறுப்பைக் கழற்றி மீண்டும் பூட்டும்போது ஒரு திருகாணி தளர்வாகப் பூட்டப்படலாம். ஒரு குழாய் அழுத்துண்ணலாம். புதிதாக வைத்த உறுப்பே குறையுடையதாக இருக்கலாம். சோதனை சில பழுதுகளைத் தடுத்தது; அதைவிடக் கூடுதலான பழுதுகளை உண்டாக்கியது. ஆகவே சோதனைகளுக்கிடையில் காலத்தை நீட்டுவதும், பயன் நிரூபிக்கப்படாத வேலைகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதும் நல்லது என்று ஆய்வாளர்கள் கூறினர். வடிங்டன் இவ்வனைத்தையும் 1946ஆம் ஆண்டளவில் நூலாக எழுதி வைத்தார். இராணுவ இரகசியம் என்ற தடையினால் அது 1973ஆம் ஆண்டிலேயே அச்சேறியது. சோதனையாலேயே பழுது கூடும் இவ்வியல்பைப் பொறியியலாளர்கள் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றனர்.

நூல் அடைபட்டிருந்த அவ்விருபத்தேழு ஆண்டுகளிலே, சமாதான கால விமானத்துறை அதே பாடத்தை அமெரிக்காவிலே வேறு வழியாகக் கற்கவேண்டியிருந்தது.

ஆறு கோலங்கள்

போருக்குப் பின்னர் பயணிகள் விமானம் பெருகியது. எந்த உறுப்புக்கும் ஓர் ஆயுள் உண்டு, அவ்வாயுள் முடியுமுன் அதைக் கழற்றிப் பிரித்துப் புதுப்பித்தால் விபத்து நேராது என்பது அக்கால நம்பிக்கை. பாதுகாப்பு வேண்டுமென்றால் புதுப்பிக்கும் காலத்தைக் குறைத்தனர். ஆனால் சில இயந்திரங்கள் எத்தனை முறை புதுப்பித்தும் முன்போலவே பழுதாயின. 1960ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து முகவரகமும் விமான சேவை நிறுவனங்களும் கூட்டுக் குழு அமைத்து, பராமரிப்புக் காலத்தைக் குறைப்பதனால் உண்மையிலே பழுது குறைகிறதா என்று ஆராயத் தொடங்கின.

அவ்வழியே வந்த பணியின் உச்சம் 1978ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான அறிக்கை. யுனைற்றெட் எயர்லைன்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரான்லி நௌலன், ஹவார்ட் ஹீப் ஆகிய இருவர் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்துக்காக அதனை எழுதினர். விமான உறுப்புகள் வயதோடு எவ்வாறு பழுதாகின்றன என்று பார்த்து, அவற்றை ஆறு கோலங்களாக அவர்கள் வகுத்தனர். வயது ஏற ஏறப் பழுதும் ஏறும் கோலங்களிலே அடங்கியவை நூற்றுக்கு 11 உறுப்புகள் மாத்திரமே. எஞ்சிய 89 வீதமானவற்றுக்கு வயதைப் பார்த்து மாற்றுவதால் நன்மை இல்லை. அதிலும் 68 வீதமானவை புதிதாகப் பூட்டிய உடனேயே கூடுதலாகப் பழுதாகி, அக்கட்டத்தைத் தாண்டியபின் சீராக உழைப்பவை. இத்தகைய உறுப்பைக் காலக்கெடு வைத்துக் கழற்றுகிறவன், பிள்ளைப் பருவத்து நோய்களைக் கடந்து வளர்ந்துவிட்ட ஒருவனை மறுபடியும் தொட்டிலில் இடுகிறவனுக்கு ஒப்பாவான்.

ஆயின் பராமரிப்பே வேண்டாமா? அவ்வறிக்கை அவ்வாறு கூறவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து, இது பழுதானால் விளைவு என்ன, பழுதாகுமுன் ஏதேனும் அறிகுறி காட்டுமா என்று வினவச் சொன்னது. அறிகுறி காட்டும் உறுப்பை உரிய இடைவெளியிலே பார்த்து, அறிகுறி தெரிந்தபின் மாற்றினாற் போதும். சில்லின் ரயரை ஆண்டுக் கணக்குப் பார்த்து மாற்றாமல் அதன் தேய்வைப் பார்த்து மாற்றுவது இதற்கு நல்ல உதாரணம். உண்மையிலேயே தேய்ந்து முடியும் உறுப்புகளுக்குக் காலக்கெடு வைக்கலாம். தீ அபாய மணிபோலப் பழுதானாலும் வெளியே தெரியாதவற்றை இடையிடையே இயக்கிப் பார்க்கவேண்டும். பழுதானாலும் ஆபத்தில்லாத, மலிவான உறுப்பைப் பழுதாகும்வரை விட்டுவிடலாம்.

இதனால் விளைந்த சிக்கனம் பெரிது. பழைய முறைப்படி டி.சி.-8 விமானத்திலே 339 உறுப்புகளுக்குப் புதுப்பித்தற் காலக்கெடு இருந்தது. புதிய முறையில் வந்த டி.சி.-10 விமானத்திலே அத்தகையவை 7 மாத்திரமே. டி.சி.-8 இன் பெரிய உடற்கூற்றுச் சோதனைகளுக்கு 20,000 பறப்பு மணித்தியால இடைவெளியை எட்டும்வரை பழைய முறையில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆள்-மணித்தியாலங்கள் செலவாயின. அதனினும் பெரியதும் சிக்கலானதுமான போயிங் 747க்கு, 1968ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்ட புதிய முறையின்படி, அதே இடைவெளியை எட்ட யுனைற்றெட் நிறுவனம் செலவிட்டது 66,000 ஆள்-மணித்தியாலங்கள். பாதுகாப்பும் இதனாற் குறையவில்லை.

நீட்டியவர் கொடுத்த விலை

இவ்வரலாற்றைக் கேட்ட கணக்காளர் ஒருவர், அப்படியானால் எல்லாக் காலக்கெடுவையும் நீட்டுவோம், பணம் மிஞ்சும் என்று எண்ணக்கூடும். அவ்வெண்ணம் எங்கே கொண்டுசென்று விடும் என்பதையும் விமான வரலாறே காட்டுகிறது.

2000ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி அலாஸ்கா எயர்லைன்ஸ் நிறுவனத்தின் எம்.டி.-83 விமானம் ஒன்று மெக்சிக்கோவிலிருந்து அமெரிக்கா நோக்கிப் பறந்துகொண்டிருந்தது. கலிபோர்ணியாக் கரைக்கு அப்பால் அது பசுபிக் சமுத்திரத்தில் வீழ்ந்தது. அதில் இருந்த 88 பேரும் மாண்டனர். வாற்பகுதியிலுள்ள கிடைச் சிறகின் சாய்வை மாற்றுவதற்கு நீண்ட திருகாணித் தண்டு ஒன்றும், அது ஊடாகச் சுழலும் 'நட்' எனப்படும் சுரை ஒன்றும் உண்டு. அச்சுரையின் உட்புரிகள் முற்றாகத் தேய்ந்து அறுந்து போயிருந்தன. அங்கே போடவேண்டிய கிறீஸ் போதியளவு போடப்பட்டிருக்கவில்லை என்று அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முடிவு செய்தது.

கிறீஸ் போடும் இடைவெளியை அந்நிறுவனம் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக நீட்டி வந்திருந்தது. 1996ஆம் ஆண்டிலே அது எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்றாயிற்று. அதாவது ஏறக்குறைய 2,550 பறப்பு மணித்தியாலங்கள். புரிகளின் தேய்வை அளக்கும் சோதனையின் இடைவெளியும் நீட்டப்பட்டிருந்தது. அரசின் மேற்பார்வையாளர்களும் இவற்றுக்கு ஒப்புதல் அளித்திருந்தனர். இவ்வுறுப்பு தேய்வது; தேய்வைத் தடுக்கும் ஒரே காவல் கிறீஸ்; தேய்ந்தால் விமானத்தைக் காக்க வேறு வழி இல்லை. நௌலனும் ஹீப்பும் கேட்கச் சொன்ன கேள்விகளை இதனிடம் கேட்டிருந்தால், இது நீட்டத்தக்க இடம் அல்ல என்ற விடையே வந்திருக்கும். போர்க்கால ஆய்வாளர் நீட்டச் சொன்னது குறிப்பேட்டைப் பார்த்து. இங்கே நீட்டியது போதிய சான்று இல்லாமல். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். அவற்றுக்கிடையே நிற்பவை 88 உயிர்கள்.

ஆயுள் முழுவதற்குமான விலை

ஒரு பொருளின் உண்மையான விலை அதை வாங்கிய நாளில் கொடுத்த பணம் மாத்திரம் அன்று. அது பயன்படும் காலம் முழுவதும் அதற்காகக் கொடுக்கும் பணமும் சேர்ந்ததே. ஸ்கொற்லாந்திலுள்ள போர்த் புகையிரதப் பாலம் 1890ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பெயின்ற் பூசி முடிக்குமுன் தொடங்கிய இடம் மங்கிவிடும் என்பர். முடிவில்லாத வேலைக்கு ஆங்கிலத்திலே அது பழமொழியாகவே ஆயிற்று. 2002ஆம் ஆண்டு தொடங்கிப் பழைய பூச்சை உருக்குவரை சுரண்டி எடுத்து, வடகடல் எண்ணெய் மேடைகளில் உழைத்து நிரூபித்த மூன்றடுக்குப் பூச்சைப் பூசினர். 2011ஆம் ஆண்டு டிசம்பரில் வேலை முடிந்தது. ஒருமுறைச் செலவு மிகப் பெரிது. ஆயினும் அப்பூச்சு 25 ஆண்டுகளுக்குக் குறையாமல் நிற்கும் என்ற மதிப்பீட்டின் பேரில் அச்செலவு செய்யப்பட்டது. ஆண்டுக்கு ஆண்டு பார்ப்பவனுக்கு ஊதாரித்தனமாகத் தெரிவது, ஆயுளைப் பார்ப்பவனுக்குச் சிக்கனமாகத் தெரிகிறது.

நமக்கு இதிலே என்ன?

புலம்பெயர்ந்த நாடுகளிலே நம்மவர்கள் பலர் ஆலைகளிலும் உணவுச்சாலைகளிலும் இயந்திரங்களின் பக்கத்தில் நின்று உழைக்கின்றனர். இயந்திரத்தின் ஓசை மாறுவதை முகாமையாளருக்கு முன்னரே கேட்பவர் அவர்களே. கோர்டனும் வடிங்டனும் பயன்படுத்தியது கொட்டகைத் தொழிலாளர் எழுதி வைத்த நாட்குறிப்புகளைத்தான். அக்குறிப்புகள் இல்லையேல் அந்த அறிஞர்களுக்கும் கண் இல்லை. ஆகவே இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன சத்தம் கேட்டது என்று ஒரு வரி எழுதுவதை அற்பப் பணியாக நாம் கருதலாகாது.

மற்றொன்று நமது பொதுச் சொத்துகள் பற்றியது. ஒவ்வொருவரும் கொடுத்த சிறு தொகையால் கோயில் மண்டபங்களையும் தமிழ்ப் பாடசாலைக் கட்டிடங்களையும் வாங்குகிறோம். திறப்பு விழாவுக்கு மலர் வெளியிடுகிறோம். கொடுத்தவர் பெயரைப் பளிங்கிலே பொறிக்கிறோம். கூரைக்கும் கொதிகலனுக்கும் தீ அபாய மணிக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு ஒதுக்குவது என்ற வினாவும் நிர்வாகசபைக் கூட்டங்களிலே எழவேண்டும். குளிர்கால நடுவில் கொதிகலன் நிற்கும்போது அவசரத் திருத்தக்காரர் கேட்கும் தொகை, கோடையிலே நிதானமாகத் திருத்தியிருந்தால் ஆகும் தொகையைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இதற்கு உயர் கணிதம் வேண்டியதில்லை. கட்டிடத்துக்கு ஒரு குறிப்பேடு வைப்போம். எது, எந்நாள் பழுதானது, எவ்வளவு செலவு, கடைசியாக எப்பொழுது பார்க்கப்பட்டது என்ற நான்கு விடயங்களை அதில் எழுதுவோம். நிர்வாகசபை மாறும்போது திறப்புக்கோர்வையோடு அக்குறிப்பேட்டையும் கையளிப்போம். மூன்று நான்கு ஆண்டுகளில் எதை அடிக்கடி பார்க்கவேண்டும், எதைத் தொடாமல் விடலாம் என்பதை அந்த ஏடே சொல்லும். மாரிக்கு முன் குளக்கட்டைப் பார்த்துவந்த நம் முன்னோர் அதனைப் பழக்கத்தால் அறிந்திருந்தனர். புதிய நாட்டிலே, புதிய இயந்திரங்களோடு வாழும் நாம் அதனை எழுதி வைத்தே அறியவேண்டும்.